அம்மை ஊசி போட்டாச்சா? எந்த அம்மைக்கு?

இரண்டாவது பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆனபோது குழந்தை மருத்துவர் சின்னம்மைத் தடுப்பூசி போடலாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை கேட்டார்: "ஒன்பதாம் மாசமே அம்மை ஊசி போட்டாச்சே, எதுக்கு இன்னொண்ணு?" கேள்வி நியாயமானதுதான். அம்மை என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று நான்கு நோய்களைக் குடிவைத்திருக்கிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்பதாம் மாதம் இலவசமாகப் போடுவது தட்டம்மை - ரூபெல்லா ஊசி. ஒன்றரை வயதை ஒட்டி அதையே இன்னொரு முறை போடுவார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டார்களே, அதுவும் இதே ஊசிதான். அத்தையின் கையில் இருக்கும் வட்டத் தழும்பு பெரியம்மைக்குக் குத்தியது. பெரியம்மை இந்தியாவில் கடைசியாகப் பரவியது 1975-ல்; 1977-ல் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தே விட்டார்கள். இந்த இரண்டு ஊசியும் சின்னம்மையைத் தடுக்காது. முத்து முத்தாக நீர் கோத்து, வாசலில் வேப்பிலை செருகி வைக்கிறோமே, அந்த நோய்க்கான ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் போடச் சொல்கிறது, அரசு இன்னும் போடவில்லை. நடுவில் நிற்பது பெற்றோரும் அவர்களுடைய பணப்பையும்.

சரி, என்னதான் வழிகள்? ஊசியே போடாமல் நோய் வந்து போகட்டும் என்று விடலாம். ஒரே ஓர் ஊசியோடு நிறுத்தலாம். இரண்டும் போடலாம். பத்துப் பன்னிரண்டு வயதுவரை பார்த்துவிட்டு, அதுவரை வராவிட்டால் போடலாம். நான்கையும் மருத்துவரிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் அலசிப் பார்த்துவிட்டேன்.

"வந்து போகட்டும்"

இந்தப் பக்கத்து வாதம் லேசானதல்ல. நம்மில் பெரும்பாலோர் சின்னம்மை வந்து, பத்து நாள் பாயில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பள்ளிக்குத் திரும்பியவர்கள்தான். ஒருமுறை வந்தால் மறுபடி வருவது அபூர்வம். ஆரோக்கியமான ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் அரிப்பும் காய்ச்சலுமாகக் கழியும் நோய். அமெரிக்கக் கணக்கை எடுத்துக்கொண்டால், 1 முதல் 14 வயதுவரை ஒரு லட்சம் பேருக்கு வந்தால் ஏறக்குறைய ஒருவர் இறப்பார். இது ஊசி வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு. அதே கணக்கில் பெரியவர்களுக்கு ஒரு லட்சத்துக்கு 21. வைரஸ் நுரையீரலில் இறங்கி நிமோனியாவாக மாறுவது பெரியவர்களிடம்தான் அதிகம். ஆகவே இந்த வாதம் நோய் சின்ன வயதில் வந்தால்தான் நிற்கும்.

நம் ஊரில் அது சின்ன வயதில் வருமா என்பதுதான் சிக்கல். குளிர் நாடுகளில் ஊசி இல்லாத காலத்தில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் சின்னம்மை வந்து போய்விடும். வெப்பமண்டல நாடுகளில் அப்படி இல்லை. வெயிலும் புழுக்கமும் வைரஸைச் சீக்கிரம் அழிப்பது ஒரு காரணம் என்கிறார்கள். விளைவு என்னவென்றால், இங்கே நிறையப் பேர் சின்னம்மை வராமலேயே பதின்பருவத்தைத் தாண்டுகிறார்கள். எனக்கு வந்தது இருபத்தொரு வயதில், கல்லூரி விடுதியில். வந்த முதல் நாளே பையைக் கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நாலு மணி நேரம் பேருந்தில் வந்தேன். அந்தப் பேருந்தில் எத்தனை பேருக்குக் கொடுத்தேனோ! பன்னிரண்டு நாள் காய்ச்சல், தொண்டைக்குள்ளும் கொப்புளம். ஒரு பருவத்தேர்வு போயிற்று. நெற்றியில் இரண்டு குழி இன்னும் இருக்கிறது.

இதில் இன்னொரு திருகலும் உண்டு. நகரத்துப் பள்ளிகளில் இப்போது பாதிப் பிள்ளைகள் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று வையுங்கள். ஊசி போடாத உங்கள் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் ஒட்டியிருக்க வேண்டிய நோய், சுற்றியிருக்கும் பிள்ளைகளால் தடைபட்டுத் தள்ளிப்போகும். தள்ளிப்போவது நல்லதுதானே என்று தோன்றும். பத்து வயதில் வராமல் இருபத்தைந்தில் வந்தால் நல்லதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2014-ல் சொன்னதும் இதைத்தான்: தேசிய அளவில் போடுவதென்றால் குறைந்தது 80 சதவீதப் பிள்ளைகளை எட்டுங்கள், அரைகுறையாகப் போட்டால் நோய் மூத்த வயதுக்கு நகர்ந்துவிடும். இந்தியாவில் இப்போது நடப்பது அந்த அரைகுறைதான். "எங்க காலத்துல எல்லாருக்கும் வந்துச்சு, ஒண்ணும் ஆகல" என்ற பேச்சு அந்தக் காலத்துக்குப் பொருந்தும்.

நோய் வந்து போனாலும் வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, வயதான பிறகோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ அக்கியாகக் கிளம்பும். குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்களே, பெரும்பாலும் அதே அக்கிதான். இடுப்பைச் சுற்றி நெருப்பாக எரியும். புண் ஆறிய பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி நிற்கும். ஊசியில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான், வலுக்குறைத்தது. அதுவும் பதுங்கக்கூடியதே. ஆனாலும் ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அக்கி வருவது, இயற்கையாகச் சின்னம்மை வந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வெகுவாகக் குறைவு.

பிள்ளையை வேண்டுமென்றே அம்மை வந்த வீட்டில் விளையாட விடுவது என்று ஒரு பழைய யோசனை சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கொப்புளம் எத்தனை வரும், உள்ளே சீழ் பிடிக்குமா, மூளையில் வீக்கம் வருமா என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் மாசமாக இருக்கும் சித்தியைப் பற்றியும் அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

ஒன்றா, இரண்டா?

ஓர் ஊசி போட்டால், எந்த வகைச் சின்னம்மையாக இருந்தாலும் தடுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 80 முதல் 85 சதவீதம். கடுமையான நோயைத் தடுப்பதில் இன்னும் மேல், 95-ஐத் தாண்டும். இரண்டு போட்டால் எல்லா வகைக்கும் சேர்த்தே 90-க்கு மேல் போகிறது. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அமெரிக்காவிலும் 1995-ல் ஓர் ஊசியோடுதான் தொடங்கினார்கள். ஊசி போட்ட பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளிலேயே அம்மை திரும்பத் திரும்பப் பரவியதைப் பார்த்து 2006-ல் இரண்டாக்கினார்கள்.

ஊசியையும் மீறி வரும் அம்மை வேறு மாதிரி இருக்கும். ஊசி போடாத பிள்ளைக்கு 250 முதல் 500 கொப்புளம்வரை வரும். ஊசி போட்ட பிள்ளைக்கு ஐம்பதுக்கும் குறைவு, பலருக்குக் காய்ச்சலே இருக்காது, கொப்புளமாக மாறாமல் சிவந்த தடிப்பாகவே நின்றுவிடுவதும் உண்டு. கொசுக்கடி என்று நினைத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடும் அபாயம் இதில்தான் இருக்கிறது. அதுவும் ஒட்டும், கொஞ்சம் குறைவாக.

பணம் இடிக்கிறது என்றால்? தனியாரிடம் ஓர் ஊசி இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், மருத்துவர் கட்டணம் தனி. இரண்டுக்கும் சேர்த்து நாலாயிரம், ஐந்தாயிரம். எல்லாக் குடும்பத்துக்கும் இது சின்னத் தொகை இல்லை. என் கருத்து இது: இரண்டுக்கும் சேர்த்துச் சேமிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் ஊசியை நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். கடுமையான நோயிலிருந்து காப்பதில் பெரும்பங்கு முதல் ஊசியிலேயே கிடைத்துவிடுகிறது. இரண்டாவதை மூன்று மாதத்துக்குப் பிறகு எப்போது முடிகிறதோ அப்போது போடலாம். இடைவெளி நீண்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் அரசு ஊசிகளை விட்டுவிட்டு இதற்குச் செலவழிக்காதீர்கள். தட்டம்மையும் நிமோனியாவும் சின்னம்மையைவிட மோசமான எமன்கள்.

இரண்டாவது ஊசியின் காலத்தில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அமெரிக்காவில் முதலாவது 12-15 மாதத்தில், இரண்டாவது 4-6 வயதில். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 15-ஆம் மாதத்தில் ஒன்றும் 18-19 மாதத்தில் இன்னொன்றும் என்கிறது. பிரிட்டன் வெகுகாலம் இந்த ஊசியே வேண்டாம் என்று இருந்தது. பிள்ளைகளுக்கு அம்மை வராமல் போனால் பெரியவர்களின் எதிர்ப்புச் சக்தி அவ்வப்போது தூண்டப்படாமல் அக்கி பெருகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்த நாடே 2026 ஜனவரியிலிருந்து 12, 18 மாதங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடத் தொடங்கிவிட்டது. சீக்கிரம் முடிப்பதில் எனக்குத் தெரியும் லாபம் எளிமையானது. பிள்ளை எல்கேஜி போகும்முன் இரண்டும் முடிந்துவிடும். ஐந்து வயதுவரை தள்ளினால் பாதிப் பேர் மறந்துவிடுவோம். எங்கள் மூத்தவனுக்கு நாங்கள் மறந்தோம். எட்டு வயதில் போட்டோம்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவோடு சின்னம்மையையும் சேர்த்த நான்கு-ஒன்று ஊசியும் உலகில் உண்டு. குத்து ஒன்று குறையும். ஒன்றரை வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு முதல் ஊசியாக அதைப் போடும்போது காய்ச்சல் வலிப்பு சற்றே கூடுகிறது. ஏறக்குறைய 2,300 முதல் 2,600 பிள்ளைகளில் ஒருவருக்குக் கூடுதலாக வருகிறது. குடும்பத்தில் காய்ச்சல் வலிப்பு இருந்தால் தனித்தனியாகப் போடுவதே நல்லது. ஒரே நாளில் இரண்டு தொடையில் போடலாம். அன்றே போடாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி விடவேண்டும், நடுவில் போடக்கூடாது.

"பன்னிரண்டு வயசுவரை பார்ப்போம்"

காசைச் சேமிக்கும் கெட்டிக்கார வழி என்று எனக்கு முதலில் பட்டது இதுதான். வந்துவிட்டால் ஊசிச் செலவு மிச்சம், வராவிட்டால் அப்போது போட்டுக்கொள்ளலாம். ஆனால் பன்னிரண்டாவது பிறந்தநாளன்று இதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நடுவில் ஒரு மார்ச் மாதத்தில் வந்து தொலைத்தால் தேர்வும் போகும். சின்னம்மைக்குப் பிடித்த காலம் மாசி முதல் சித்திரைவரை. சமயபுரத்து அம்மன் 28 நாள் பச்சைப் பட்டினி இருந்து நீர்மோர், பானகம், இளநீர் போன்றவற்றை மட்டும் ஏற்பதும் அதே காலம்தான். அம்மை கண்ட பிள்ளைக்கு நாம் கொடுப்பதும் அதே இளநீரும் மோரும்தான். பொதுத்தேர்வும் அந்நேரம் பார்த்துத்தான் வருகிறது. அம்மையோடு தனி அறையில் உட்கார்ந்து பரீட்சை எழுதிய பிள்ளைகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனாலும் வீட்டில் ஏற்கெனவே பெரிய பிள்ளை இருந்து, இதுவரை அம்மையும் வரவில்லை, ஊசியும் போடவில்லை என்றால், உங்களுக்கு மிச்சமிருக்கும் வழி இதுதான், உடனே எடுங்கள். 13 வயதுக்கு மேல் இரண்டு ஊசி கட்டாயம் வேண்டும், நடுவில் நான்கு முதல் எட்டு வாரம். கல்லூரி விடுதிக்குப் போகும்முன், நர்சிங் சேரும்முன் முடித்துவிட்டால் நல்லது. காசு ஓர் ஆளுக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் அம்மை வராத பதினேழு வயதுப் பெண்ணும் இருந்தால், நான் பெண்ணுக்குத்தான் முதலில் போடுவேன்.

காரணம் கர்ப்பம். முதல் இருபது வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால், நூற்றில் ஒன்றோ இரண்டோ குழந்தைகளுக்குக் கை கால் சூம்பல், கண் பாதிப்பு போன்ற பிறவிக் குறைகள் வரலாம். அதைவிட மோசம் பிரசவத்தை ஒட்டி வருவது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால், தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தைக்குப் போய்ச்சேர நேரமிருக்காது. சிகிச்சை இல்லாவிட்டால் அப்படிப் பிறந்த குழந்தைகளில் முப்பது சதவீதம்வரை இறந்த காலம் உண்டு. கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போடவும் முடியாது. போட்ட பிறகு ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்காமல் இருக்கவேண்டும். ஆகவே கல்யாணப் பேச்சு நடக்கும்போதே கேட்டு முடிக்கவேண்டிய காரியம். நகைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நாலாயிரம் ரூபாய்ச் செலவு யார் கண்ணுக்கும் தெரியாது. வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதற்காகக் குழந்தைக்கு ஊசி போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். போடுவதுதான் கர்ப்பிணிக்கும் பாதுகாப்பு.

பக்கத்து வீட்டில் வந்துவிட்டது, இப்போது?

கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒட்டத் தொடங்கிவிடுவதால், தெரிந்த பிறகு கதவைச் சாத்தி அதிகப் பயனில்லை. ஒரே வீட்டில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒட்டிவிடும், அதுவும் இரண்டு வாரம் கழித்து, முதல் பிள்ளை எழுந்து நடமாடும்போது. ஆனால் ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள், தப்பினால் ஐந்து நாளுக்குள் போட்டால் நோயைத் தடுக்கலாம், இல்லை லேசாக்கலாம். அம்மை இருக்கும் வீட்டில் ஊசி குத்தக்கூடாது என்ற வழக்கம் இந்த இடத்தில்தான் கையைக் கட்டிப்போடுகிறது. கர்ப்பிணிக்கோ புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கோ தொடர்பு ஏற்பட்டால் தடுப்பூசி உதவாது. அவர்களுக்கு வேறு மருந்து உண்டு, அதற்கும் நாள் கணக்கு இருக்கிறது, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நோயே வந்துவிட்டால், வேப்பிலைப் படுக்கையை நான் எதிர்க்கவில்லை. வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் அக்கம்பக்கம் உள்ளே வராது. அதைவிட நல்ல அறிவிப்புப் பலகை எது? குளிக்காமல் இருக்கவேண்டியதில்லை, வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால்தான் புண்ணில் சீழ் பிடிக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் என்ற கோளாறு வரலாம். இபுப்ரொஃபெனையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் அசைக்ளோவிர் மாத்திரை உண்டு. அது கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். "மூணு நாள் பார்க்கலாம், ஆத்தா இறங்கட்டும்" என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். பெரியவருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் மருத்துவமனைக்குத்தான்.

போடும் நாளில்

யாருக்குப் போடக்கூடாது என்பது சின்னப் பட்டியல்தான்: கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குறைந்தவர்கள், நியோமைசின் மருந்துக்கோ முந்தைய ஊசிக்கோ பெரிய ஒவ்வாமை வந்தவர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அதிக அளவில் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் எவ்வளவு நாள் காத்திருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். சாதாரணச் சளி தடையே இல்லை.

மருந்து பொடியாக வரும். கூட வரும் தண்ணீரைக் கலந்தபின் அரை மணிக்குள் போட்டாகவேண்டும். உங்கள் கண்ணெதிரே கலக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. ஒருமுறை நாங்கள் போன இடத்தில் முன்பே கலந்து தட்டில் வைத்திருந்தார்கள். எப்போது கலந்தது என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வேறு புட்டி எடுக்கும்வரை நான் பிள்ளையின் சட்டையைக் கழற்றவில்லை. நாலில் ஒரு பங்குக்கும் குறைவான பிள்ளைகளுக்குப் போட்ட இடம் வலிக்கும் அல்லது சிவக்கும், சிலருக்குக் காய்ச்சல், நூற்றில் நாலைந்து பேருக்கு இரண்டொரு கொப்புளம். அதிலிருந்து மற்றவருக்கு ஒட்டுவது மிக அபூர்வம். ஆறு வாரத்துக்கு ஆஸ்பிரின் வேண்டாம். பெயர், தேதி, தயாரிப்பு எண் மூன்றையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். "அம்மை ஊசி" என்று மொட்டையாக எழுதினால் அத்தை கேட்ட அதே கேள்வி பதினைந்து வருடம் கழித்து மறுபடி வரும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் முடிந்தபிறகு மருத்துவர் வீட்டுக்காரரைக் காட்டி, "இவருக்கு வந்திருக்கா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. அத்தைக்குப் போன் போட்டோம். "வந்துச்சு. இல்லல்ல, அது அவன் தம்பிக்கு." ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் சோதித்துப் பார்க்கலாம், அந்தச் செலவு வேண்டாம் என்றால் நேரே ஊசியும் போட்டுக்கொள்ளலாம், ஏற்கெனவே வந்திருந்தாலும் ஊசியால் கெடுதல் இல்லை என்றார் மருத்துவர். நாற்பத்தொரு வயதில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் அவருக்கு இரண்டாவது.